மோட்டார் சைக்கிள் கும்பல்களின் கதையை வாசிப்பது எப்படி?

மோட்டார் சைக்கிள் கும்பல்கள் பற்றிய உண்மைக் கதைப் புத்தகங்களைப் பிள்ளைகள் வாசிக்கிறார்கள், அவற்றை நம்பலாமா என்று பெற்றோர் சிலர் கேட்டிருந்தார்கள். வாசிக்கட்டும் என்பதே என் பதில். ஆனால் எழுதியவர் யார் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

1990களில் மொன்றியலுக்கு வந்தவர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். 1994 முதல் 2002 வரை, போதைப்பொருள் விற்கும் இடங்களுக்காக ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ், றொக் மெஷின் ஆகிய இரு கும்பல்களும் கியூபெக்கில் மோதின. 160 பேருக்கு மேல் இறந்தார்கள். 1995 ஆகஸ்டில் ஹோஷலாகா-மெசன்னேவ் பகுதியில் ஒரு ஜீப்பில் வைத்த குண்டு வெடித்தது. அருகில் நின்ற 11 வயதுச் சிறுவன் டானியல் டெரோஷே அதில் காயப்பட்டு நான்கு நாட்களில் இறந்தான். 1997இல் கும்பல்களுக்கு எதிரான சட்டம் வர அந்த மரணம் ஒரு முக்கிய காரணம்.

இந்தச் சண்டையிலிருந்து பிறந்த இரண்டு புத்தகங்களைப் பார்ப்போம். மிஷெல் ஓஜே என்ற குற்றச் செய்தியாளர் 2000 செப்டம்பர் 13 அன்று தன் பத்திரிகை அலுவலக வாகனத் தரிப்பிடத்தில் சுடப்பட்டார். முதுகில் ஆறு குண்டுகள். உயிர் தப்பி, 2001இல் தன் அனுபவத்தைப் பிரெஞ்சில் எழுதினார். மற்றவர் றொக் மெஷின் உறுப்பினராக இருந்த பீற்றர் பரடி. அவர் பின்னர் தன் கூட்டாளிகளுக்கு எதிராகவே சாட்சி சொன்னார். அவருடைய 'நாஸ்ரி பிஸ்னஸ்' 2002இல் ஆங்கிலத்தில் வந்தது.

முதலாமவர் குண்டு வாங்கியவர், இரண்டாமவர் கும்பலுக்குள் இருந்தவர். உள்ளே இருந்தவருக்கு நிறையத் தெரியும். ஆனால் தன் பங்கைக் குறைத்துச் சொல்லவும் அவருக்குக் காரணம் உண்டு. கணக்காய்வில் நாங்கள் முதலாளியின் வாய்ச்சொல்லை மட்டும் ஏற்பதில்லை, பற்றுச்சீட்டைக் கேட்போம். நீதிமன்றமும் அப்படித்தான். 1997இல் சிறைக் காவலர் இருவர் கொல்லப்பட்ட வழக்கில், ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் தலைவர் மொறிஸ் பூஷேக்கு எதிரான முக்கிய சாட்சி அவருடைய ஆளே. 1998இல் யூரிமார் பூஷேயை விடுவித்தார்கள். நீதிபதி யூரிமாருக்குக் கொடுத்த அறிவுறுத்தலில் பிழை உண்டென்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல, வழக்கு மீண்டும் நடந்தது. 2002இல் அவருக்கு ஆயுள் தண்டனை. 2022இல் கைதியாகவே இறந்தார்.

2001 மார்ச் 28 அன்று நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதான வழக்குகளில், கும்பல் தானே எழுதி வைத்த பணக் கணக்குகளும் சான்றாயின. ஆட்கள் வாய் திறக்க மறுத்தாலும் கணக்கு பேசும்.

இப்படியான புத்தகங்களில் வரவுப் பக்கம் நிறைந்திருக்கும்: பணம், வாகனம், பயம் கலந்த மரியாதை. செலவுப் பக்கத்தில் சிறை, புதைகுழி, தாய்மாரின் கண்ணீர். அது பெரும்பாலும் ஓரிரு பக்கங்களோடு முடிந்துவிடும். 1990களின் இறுதியில் ரொறொன்ரோவில் எங்கள் இளைஞர் குழுக்கள் மோதியபோது, அந்தச் செலவை நாங்களும் கட்டினோம்.

ஆயுதம் வைத்திருப்பவரைப் பற்றி வாய் திறக்காமல் வாழப் பழகியவர்கள் நாங்கள். வீட்டில் இந்தப் பேச்சு வந்தால் அதே பழக்கத்தில் 'அதை விடு' என்கிறோம். அப்படிச் சொல்லாதீர்கள். புத்தகத்தைப் பிள்ளையோடு இருந்து வாசியுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: இதைச் சொல்பவருக்கு என்ன இலாபம்? இதை வேறு யார் உறுதிப்படுத்துகிறார்கள்? இந்தக் கதையில் யாருடைய குரல் இல்லை? மூன்றாவது கேள்விக்குப் பதில் தேடும் பிள்ளை, டானியலின் பெயரை மறக்காது.

அடுத்த மாதம் சந்திப்போம்.