ஊர்க் கழிவுநீரில் பால்மாட்டுக்குப் புல்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட கிராமங்களுக்குப் போனால், தெருச் சாக்கடை கடைசியில் எங்கே விழுகிறது என்று பார்ப்பது என் வழக்கம். பெரும்பாலும் ஓடையில் விழும்; ஓடை கண்மாயில் சேரும். கண்மாய் முழுக்க ஆகாயத்தாமரை படர்ந்திருந்தால் காரணத்தை வெளியே தேட வேண்டாம். நாம் காசு கொடுத்து வாங்கும் அதே தழைச்சத்தும் மணிச்சத்தும் சாக்கடை வழியே இலவசமாக அதற்குப் போய்ச் சேருகின்றன.

100 வீடு, 400 பேர் உள்ள ஊரை எடுத்துக்கொள்வோம். ஜல் ஜீவன் திட்டக் கணக்குப்படி ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர் என்றால் 22,000 லிட்டர். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவப் போனது சுமார் 70 சதவீதம் என்று வைத்தாலும், தினமும் 15,000 லிட்டர் வெளியே வருகிறது. கோடையிலும் நிற்காத வாய்க்கால் இது.

இதற்கு எல்லா ஊரிலும் உறிஞ்சிக்குழியே போதும் என்று சொல்லிவிடுகிறோம். மலையடிவாரத்துச் செம்மண், சரளை நிலத்தில் அது நன்றாகவே வேலை செய்யும். கிழக்கே போகப் போகக் கரிசல் வந்துவிடும். கரிசலில் தண்ணீர் எளிதில் இறங்காது. குழி நிறைந்து கொசு வளர்க்கும் தொட்டியாகிவிடும். மண்ணைப் பார்க்காமல் ஒரே வரைபடத்தை எல்லா ஊருக்கும் கொடுப்பது சரியல்ல.

கரிசல் ஊர்களுக்குச் சரளைக்கல் படுகை பொருந்தும். சாக்கடை முடியும் இடத்தில் முதலில் மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் தங்க ஒரு தொட்டி. அடுத்து, அடியில் நீர் கசியாதபடி பூசிய இரண்டடி ஆழப் படுகை. அதில் சரளை நிரப்பிக் கல்வாழை, நாணல் நட வேண்டும். கல்லிலும் வேரிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கும். தண்ணீர் சரளைக்கு அடியிலேயே ஓடுவதால் கொசு வராது. இரண்டு நாள் தங்கிப் போக, மேலே சொன்ன ஊருக்கு மூன்று சென்ட் இடம் போதும்.

வெளிவரும் நீரைத் தீவனப் புல்லுக்குப் பாய்ச்சலாம். மதுரை அவனியாபுரத்தில் நகரக் கழிவுநீரில் புல் வளர்த்து மாடு வைத்திருப்போருக்குக் கொடுத்த பண்ணை பல தலைமுறை கண்டது. 15,000 லிட்டரில் 60 சென்ட் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் வளரும். கோ 5 ரகத்துக்குச் சொல்லப்படும் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தாலே ஆறு, ஏழு கறவை மாடுகளுக்கு ஆண்டு முழுவதும் பசுந்தீவனம். பால்கோவாவுக்குப் பெயர்போன ஊர்ப்பக்கம் இது சின்ன விஷயமல்ல.

சில எச்சரிக்கைகள். கழிப்பறைத் தண்ணீரை இதில் சேர்க்கக் கூடாது. அதற்கு இரட்டைக்குழி தனியே இருக்கட்டும். செப்டிக் டேங்க் வழிவு நீரையும் சாக்கடையில் விடும் வீடுகள் உண்டு. அவற்றை முதலில் சரிசெய்யாமல் படுகை கட்டக் கூடாது. சத்திரப்பட்டிப் பக்கம் நடப்பதுபோல் துணி வெளுக்கும் தொழில் உள்ள இடங்களில் அந்த நீர் கலக்கவே கூடாது. கல்வாழை அதைத் தாங்காது. கீரை, வெங்காயம், தக்காளிக்கு இந்த நீர் வேண்டாம். புல் அறுக்க ஒரு வாரம் முன்பே பாய்ச்சலை நிறுத்தி, அறுத்ததை வெயிலில் வாடவிட்டுப் போடுங்கள்.

சோப்புத்தூளில் உள்ள சோடியம் கரிசலை இறுக்கிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை மண்ணையும் நீரையும் பரிசோதியுங்கள். நீரின் உப்புநிலை 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் பாய்ச்ச வேண்டாம். மண்ணில் சோடியம் ஏறியிருந்தால் பரிசோதனைப்படி ஜிப்சம் இட வேண்டும்.

தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் கழிவுநீர்ப் பணிக்கு நிதி ஒதுக்கப்பட்டது. கட்டுவதைவிடக் காப்பாற்றுவதுதான் கடினம். தொட்டியில் மண்ணை வாரம் ஒருமுறை அள்ளாவிட்டால் சரளை அடைத்துக்கொள்ளும். திறந்த, ஆழமில்லாத தொட்டியாகக் கட்டினால் வெளியே நின்றபடியே நீளக் கைப்பிடி மண்வெட்டியால் அள்ளலாம். யாரும் உள்ளே இறங்க வேண்டியதில்லை. இந்த வேலைக்குத் தனியாகக் கூலி தேடினால் ஆறு மாதத்தில் நின்றுவிடும் என்பது என் கணிப்பு. புல் அறுக்கும் உரிமையையும் மண் அள்ளும் பொறுப்பையும் ஒரே மகளிர் குழுவிடம் கொடுத்து, அதைக் கிராம சபைத் தீர்மானத்திலேயே எழுதி வையுங்கள்.