தோட்டத்தில் கிடைத்த வெள்ளி

தென்னங்கன்று நடுவதற்குக் குழி வெட்டுகிறார்கள். மண்வெட்டி 'ணங்'கென்று எதிலோ மோதுகிறது. உடைந்த கலயத்திலிருந்து கறுத்த வில்லைகள் சில சிதறுகின்றன. தேய்த்துப் பார்த்தால், வெள்ளி! அடுத்த கணம் வீட்டார் நெஞ்சில் எழுவது மகிழ்ச்சி மட்டுமன்று. "சர்க்கார் அறிந்தால் அனைத்தும் போய்விடுமே" என்ற அச்சமுந்தான். இரவோடிரவாகத் தட்டாரை நாடுகிறார்கள். விடிவதற்குள் ஒரு சரித்திரம் மூசையில் உருகிவிடுகிறது.

இவ்வாறு உருகுவது எத்தகைய செல்வம் என்பதற்குக் கொங்குநாடே சாட்சி. கோயம்புத்தூருக்கு அருகே நொய்யல் பாயும் பகுதியிலுள்ள வெள்ளலூரில் 1842-ஆம் ஆண்டில் 500-க்கு மேற்பட்ட ரோமானிய வெள்ளி நாணயங்கள் ஒரே குவியலாய்க் கிடைத்தன. 1891-இல் அவ்வூரிலேயே மற்றொரு குவியல் வெளிப்பட்டது. அகஸ்டஸ், டைபீரியஸ் என்னும் சக்கரவர்த்திகளின் தலையுருவம் பொறித்த காசுகள் அவை. ஒவ்வொன்றும் பழைய வெள்ளி ரூபாயின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். உருக்கியிருந்தால் சில கொலுசுகள் தேறியிருக்கும். உருக்காமையால், மேலைக் கடற்கரைக்கு வந்த யவனரின் வெள்ளி பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து நம் உள்நாட்டை எட்டியது என்பதை இன்று நாம் அறிகிறோம்.

அச்சத்திற்கு இடமுண்டா? 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்வதைக் கேளுங்கள். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். உரிமையாளர் எவருமிலர் என்று தீர்ப்பானால், வேறு உடன்படிக்கை இல்லாதவிடத்து, கண்டெடுத்தவருக்கு முக்காற்பங்கும் நிலத்துக்குரியவருக்குக் காற்பங்கும் சேரும். சர்க்கார் அதனை எடுத்துக்கொள்ள விரும்பினால், உலோகத்தின் விலையோடு அவ்விலையில் ஐந்தில் ஒரு பங்கும் கூட்டித் தரவேண்டும். மறைப்பவருக்கோ பங்கும் போய், ஓராண்டு வரை சிறையும் நேரலாம். ஆகவே நஷ்டம் விளைவிப்பது சொல்வதன்று, ஒளிப்பதே.

இன்னுமொரு வார்த்தை. கிடைத்த காசுகளைப் புளியிட்டுத் துலக்காதீர்கள். எழுத்துக்கள் தேய்ந்து போகும். கலயத்தின் ஓடுகளையும் எறிந்துவிடாதீர்கள். காலத்தைக் கணிக்க அவையும் உதவும். குழியை அப்படியே விட்டுவையுங்கள்.

வெள்ளியைக் கடையில் என்றும் வாங்கலாம். உருக்கிய சரித்திரத்தை எந்தக் கடையில் வாங்குவோம்?