பிரஷ் கட்டர் ஓடும்போது மனசு சுருங்குது



மண்ணு, விதை, மூடாக்கு, ஜீவாமிர்தம்னு நாம நிறையப் பேசியாச்சு. இந்த முறை நான் எழுதப்போவது சத்தத்தைப் பற்றி. இயற்கை விவசாயத்துக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், எங்கள் தோட்டத்துக்கு ஆறு வருஷமா வந்துகொண்டிருந்த ஒரு அம்மா சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகும் வரை.

அன்றைக்கு வாழைக்கு நடுவில் புல் வெட்ட வாடகைக்கு பிரஷ் கட்டர் வந்திருந்தது. கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்து கூலிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். புல்லுக்கட்டோடு வரப்பில் வந்த அந்த அம்மாவுக்குச் சும்மாடு நழுவி, கட்டு கீழே விழுந்துவிட்டது. தூக்கிவிட ஒரு ஆள் வேண்டும். என்னைப் பார்த்து இரண்டு தடவை கூப்பிட்டார். நான் நிமிர்ந்து பார்த்தேன், திரும்பக் குனிந்து எழுதினேன். மூன்றாவது தடவை கிட்ட வந்து கேட்டதும், "கணக்குப் பார்க்கறது தெரியலையா?" என்று கத்திவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

ராத்திரி வீட்டில் சொன்னபோது, மனோதத்துவம் படித்த என் மகள், "அப்பா, இதே மாதிரி ஒரு சோதனையே செஞ்சிருக்காங்க" என்று தன் பாடப் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள்.

1975ல் அமெரிக்காவில் மாத்யூஸ், கேனன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்தது. தெருவில் ஒருவர் புத்தகங்களைக் கீழே போட்டுவிடுவார். போகிறவர் நின்று எடுத்துக் கொடுக்கிறாரா என்று பார்ப்பார்கள். சில நேரம் புத்தகம் போட்டவர் கையில் மாவுக்கட்டு இருக்கும். சில நேரம் பக்கத்தில் சைலன்சர் இல்லாத புல்வெட்டும் மெஷின் ஓடும். சத்தம் இல்லாதபோது மாவுக்கட்டு போட்டவருக்கு 100க்கு 80 பேர் உதவினார்கள். மெஷின் ஓடியபோது 15 பேர்தான். மாவுக்கட்டு இல்லாதவருக்கு அமைதியிலேயே 20 பேர்தான் உதவினார்கள். அப்படியென்றால் அமைதியில் ஜனங்களை நிற்க வைத்தது அந்தக் கட்டுதான். சத்தத்தில் அது கண்ணில் பட்டும் மனசில் படவில்லை.

நம்ம கவனம் மடை வாய் மாதிரி. வருகிற தண்ணீர் அதிகமானால் எல்லா வாய்க்காலுக்கும் பிரித்துவிட முடியாது, ஒன்றிரண்டை அடைத்துத்தான் ஆக வேண்டும். பெரிய சத்தம் வந்தால் மூளையும் அப்படித்தான் செய்கிறது. கையில் இருக்கிற வேலையை மட்டும் பிடித்துக்கொண்டு, பக்கத்து மனுஷன் முகம், குரல், சோர்வு எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறது. நாம கெட்டவங்களாக மாறுவதில்லை. சுருங்கிப்போகிறோம்.

இது புரிந்ததும் எனக்கு என் பழைய வேலை ஞாபகம் வந்தது. 34 வருஷம் வங்கியில் இருந்தேன். கண்ணாடித் தடுப்பு, கீழே கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. நோட்டு எண்ணும் மெஷின் ஒரு பக்கம், மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டர் மறுபக்கம். பயிர்க்கடன் கேட்டு வருகிற விவசாயி அந்த ஓட்டைக்குக் குனிந்துதான் பேசணும். அவர் பேசுவது எனக்குக் கேட்காது, நான் சத்தமாகச் சொல்வேன், அது அவருக்குத் திட்டுவது மாதிரி இருக்கும். சாயங்காலம் கேட் மூடிய பிறகு அதே விவசாயி டீக்கடையில் பார்த்தால் நிம்மதியாகப் பேசுவோம். அப்போதெல்லாம் "கவுண்டர்ல ஒரு குணம், வெளியில ஒரு குணம்" என்று என்னைச் சொல்வார்கள். குணம் ஒன்றுதான், இடம்தான் வேறு. இப்போது நகைக்கடன் திருப்ப நானே வரிசையில் நிற்கும்போது, அந்த ஓட்டைக்குக் குனிகிற இடுப்பு என்னுடையது.

இன்னொரு சோதனை இதைவிட நமக்கு உபயோகமானது. கிளாஸ், சிங்கர் என்ற இருவர் எழுதி 1972ல் புத்தகமாக வந்தது. டைப்ரைட்டர், கணக்கு மெஷின், நகலெடுக்கும் மெஷின், புரியாத பாஷையில் பேச்சு எல்லாவற்றையும் கலந்து, எப்போது வரும் எப்போது நிற்கும் என்று தெரியாதபடி காதைப் பிளக்க ஒலிக்கவிட்டார்கள். ஒரு பகுதியினரிடம் மட்டும் ஒரு பட்டனைக் காட்டி, "தாங்க முடியலைன்னா இதை அழுத்தி நிறுத்திக்கலாம்" என்றார்கள். கிட்டத்தட்ட யாரும் அழுத்தவில்லை. ஆனாலும் சத்தம் முடிந்த பிறகு கொடுத்த கடினமான புதிரில், பட்டன் இருந்தவர்கள் மற்றவர்களைவிடப் பல மடங்கு பொறுமையாக முயன்றார்கள். நிறுத்துகிற அதிகாரம் தன் கையில் இல்லை என்பதே மனுஷனைப் பாதி வாட்டிவிடுகிறது. நம் தோட்டத்தில் மெஷினை நிறுத்துகிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது? களை எடுக்கிற பெண்கள் கையில் நிச்சயமாக இல்லை.

சரி, இதை மாற்ற முடியுமா என்றால், முடியும். நியூயார்க்கில் மேம்பால ரயிலை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம். ரயில் பக்கத்து வகுப்பறைப் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள், ஆறாம் வகுப்பில் கிட்டத்தட்ட ஒரு வருஷம். ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற அம்மையார் 1975ல் இதை வெளியிட்டார். பிறகு தண்டவாளத்துக்கடியில் ரப்பர் வைத்தார்கள், வகுப்பறைக் கூரையில் சத்தம் உறிஞ்சும் அட்டை போட்டார்கள். 1981ல் அவர் மறுபடி பார்த்தபோது இரண்டு பக்கப் பிள்ளைகளுக்கும் வித்தியாசமே இல்லை.

எங்கள் தோட்டத்தில் செய்த மாற்றங்களைச் சொல்கிறேன். செலவு பெரிதாக இல்லை.

முதலாவது, தூரம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். கொட்டகைக்கு 15 அடியில் இருந்த டீசல் எஞ்சினை 60 அடிக்குத் தள்ளினேன். 12 டெசிபல் குறைந்தால் காதுக்குப் பாதிக்கும் கீழே தெரியும். கூடுதலாக வேண்டியது கொஞ்சம் ஹோஸ் பைப்தான்.

இரண்டாவது, சுவர். மரம் நட்டால் சத்தம் நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். ஒற்றை வரிசை மரம் சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது. எஞ்சினுக்கும் ஆள் வேலை செய்யும் இடத்துக்கும் நடுவில் இடைவெளி இல்லாத மண்சுவர்தான் தடுக்கும். ஆளுயரத்துக்கு எழுப்பினோம். சைலன்சர் வாயையும் காலி நிலம் பக்கம் திருப்பிவிட்டேன்.

மூன்றாவது, நேரம். பிரஷ் கட்டர், பவர் வீடர் வருகிற அன்று கை வேலைக்கு ஆள் சொல்வதில்லை. சொல்லியே ஆகணும் என்றால் தோட்டத்தின் மறுகோடியில். கூலி பேசுவது, கணக்கு முடிப்பது எல்லாம் மெஷின் நின்ற பிறகுதான்.

நான்காவது, கை காட்டினால் நிறுத்தணும். யார் கை உயர்த்தினாலும் மெஷின்காரர் உடனே நிறுத்துவார் என்று முன்கூட்டியே பேசிவிடுகிறோம். இதுவரை இரண்டு தடவைதான் யாரோ கை உயர்த்தியிருக்கிறார்கள்.

ஐந்தாவது, சாப்பிடுகிற இடம். முன்பு தகரக் கொட்டகையில் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். இப்போது வேப்பமரத்தடியில் கல் போட்டிருக்கிறோம். அமெரிக்காவில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் ஆஸ்பத்திரிப் பதிவுகளை ரோஜர் உல்ரிச் என்பவர் ஒப்பிட்டு 1984ல் எழுதினார். ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். நம்மிடம் மரத்துக்குப் பஞ்சமில்லை, முதுகைக் காட்டி உட்காராமல் இருந்தால் போதும்.

நின்றுபோன அந்த அம்மா வீட்டுக்குப் பத்து நாள் கழித்துப் போனேன். சோதனை, டெசிபல் எதுவும் சொல்லவில்லை. "கத்துனது தப்புதாம்மா" என்றேன். "கத்துனது பரவால்ல சார். பார்த்துட்டுக் குனிஞ்சீங்க பாருங்க, அதான்" என்றார். அடுத்த வாரம் வேலைக்கு வந்தார்.

ஆள் கிடைக்கவில்லை, வந்தவர் நிலைக்கவில்லை என்று நாம் எல்லாரும் புலம்புகிறோம். கூலியைப் பற்றி யோசிக்கும்போது, ஒரு நாள் அவர்கள் நிற்கிற இடத்தில் நீங்களும் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். என்ன கேட்கிறது, என்ன கேட்காமல் போகிறது என்று தெரியும்.