28 நாள் இருப்பு

ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் பக்கம் வெளிநாட்டில் மாஸ்டர்ஸ் படிக்கப் போவது இன்று அதிசயமில்லை. பணம் கட்டத் தயார் என்றால் சீட் கிடைத்துவிடுகிறது. ஆஃபர் லெட்டர் வந்த பிறகுதான் வீட்டில் தூக்கம் போகிறது. காரணம், பேங்க் பேலன்ஸ்.

பிரிட்டனுக்குப் போகிற மாணவர், அங்கே யார் கையையும் எதிர்பார்க்காமல் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்வேன் என்று காகிதத்தில் காட்டியாக வேண்டும். ஃபீஸ் தனி. வாடகை, சாப்பாட்டுக்கு மட்டும் லண்டன் என்றால் மாதம் 1,529 பவுண்டு, மற்ற ஊர்களுக்கு 1,171 பவுண்டு. 2025 நவம்பரிலிருந்து இதுதான் கணக்கு. 9 மாதத்துக்குக் காட்டினால் போதும். பவுண்டை 115 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் மற்ற ஊர்களுக்கே 12 லட்சம். லண்டனுக்கு 15 லட்சத்து 80 ஆயிரத்தைத் தாண்டும். அந்தத் தொகை மாணவர் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் குறைந்தாலும் விசாவை மறுக்கலாம். மனை, நகை, பங்குப் பத்திரம் எதுவும் செல்லாது.

இந்த 28 நாளை நம்பித்தான் இங்கே ஒரு தொழிலே நடக்கிறது.

ஆவடி ராணுவ டேங்க் ஃபேக்டரியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், பெயர் வேண்டாம் என்ற நிபந்தனையோடு அதை விளக்கினார். மகனுடைய விசாவுக்காக ஏஜென்ட் ஒரு ஃபைனான்ஸ்காரரைக் கூட்டி வந்திருக்கிறார். கடன் கொடுப்பதற்கு முன்பே தேதி போடாத செக் இரண்டில் கையெழுத்து, ஏ.டி.எம். கார்டு, கூடவே ஓ.டி.பி. வருகிற சிம் கார்டு, எல்லாம் ஃபைனான்ஸ்காரர் கைக்குப் போய்விட்டன. 12 லட்சம் கணக்கில் ஏறியது. 29-ஆம் நாள் காலையில் ஸ்டேட்மென்ட் வாங்கிக் கிளையில் சீல் போட்டார்கள். அன்று மத்தியானமே பணம் வந்த வழியே திரும்பிப் போனது. ரெண்டு வட்டி, 24 ஆயிரம் ரூபாய். ஏஜென்ட் கமிஷன் வேறு.

"பணம் வந்துச்சு, பணம் போச்சு சார். என் பையனுக்கு அதுல ஒரு டீ கூட கிடையாது" என்றார்.

விதி எங்கே தோற்கிறது என்பதற்கு அவர் வாக்குமூலமே போதும். ஒரு மாணவனால் ஒன்பது மாதம் சாப்பிட முடியுமா என்று பார்ப்பதாக எண்ணிக்கொண்டு, அவன் அப்பாவால் நான்கு வாரத்துக்குக் கடன் வாங்க முடியுமா என்றுதான் அது பார்க்கிறது. பிடிபட்டால் ஏமாற்று வேலை என்று முத்திரை விழும். பத்து ஆண்டுவரை அந்த நாட்டுப் பக்கமே போக முடியாமல் ஆகலாம். முறையான கல்விக் கடன் இருக்கிறதே என்று கேட்கலாம். பெரிய தொகை என்றால் பேங்க் வீட்டுப் பத்திரத்தைக் கேட்கிறது. அங்கீகாரமில்லாத மனைப்பிரிவு, தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டா என்று இந்தப் பக்கத்து வீடுகளில் பாதி சிக்கல் அங்கேதான்.

விமானம் ஏறிய பிறகு நிலைமை இன்னும் கடினம். மாணவர் விசா, வேலை விசா இரண்டிலும் அரசின் பொது நிதி உதவிகளுக்கு உரிமை இல்லை என்ற நிபந்தனை உண்டு. வருமானம் குறைந்தவருக்கான உதவித்தொகை, வாடகை உதவி, குழந்தைக்கான மாதப் பணம் எதையும் தொட முடியாது. ஆஸ்பத்திரி விதிவிலக்கு. அதற்கும் மாணவர்கள் வருஷத்துக்கு 776 பவுண்டு, மற்ற பெரியவர்கள் 1,035 பவுண்டு முன்கூட்டியே கட்டிவிடுகிறார்கள். கல்லூரி நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அந்த வேலையும் போய் இறங்கிய வாரத்தில் கிடைப்பதில்லை. படித்து முடித்து நிறுவனம் ஒன்று விசாவுக்குப் பொறுப்பேற்று வைத்துக்கொண்டாலும், வேலை போனால் பொதுவாக 60 நாள் அவகாசம். அதுவரை பிடித்த வரிக்கு ஈடாக வாடகை உதவியெல்லாம் வராது.

வருகிறவர்களை எல்லாம் எங்கள் வரிப்பணத்தில் தாங்க முடியாது என்று அந்நாட்டார் சொல்வதிலும் நியாயம் உண்டு. இது புதிய எண்ணமும் இல்லை. அமெரிக்கா 1882-லேயே, அரசுக்குச் சுமையாவார் என்று தோன்றுகிறவரைத் துறைமுகத்திலேயே தடுக்கச் சட்டம் போட்ட நாடு.

ஆனால் என் கவலை வேறு. ஆவடி, ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்த ஊர். உடம்புக்கு முடியாவிட்டால் ஃபேக்டரி ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்கு எஸ்டேட் ஸ்கூல், ரிட்டயர் ஆனால் பி.எஃப்., கிராஜுவிட்டி, பென்ஷன். முதுகுக்குப் பின்னால் ஏதோ ஒன்று தாங்கும் என்ற நம்பிக்கையில் ஒரு தலைமுறையே வாழ்ந்து முடித்திருக்கிறது. தாங்க எதுவுமே இல்லாத ஓர் இடத்துக்குப் பிள்ளையை அனுப்புகிறோம் என்பது அந்தப் பெற்றோருக்குப் புரிவதேயில்லை. யாரும் சொல்வதும் இல்லை. அங்கிருந்து "ரெண்டு மாச ரூம் வாடகை பாக்கிப்பா" என்று போன் வருகிறபோது இங்கே ஃபிக்ஸட் டெபாசிட் உடைகிறது. பிரிட்டன் கஜானாவைக் காப்பாற்ற எழுதிய விதி, ஆவடியில் ஒருவருடைய ஓய்வுக்காலப் பணத்தைக் கரைக்கிறது. அறுபத்தைந்து வயதில் அவருக்கு வேறு வருமானம் ஏது?

பிரிட்டனிலும் சில கதவுகள் திறந்தே இருக்கின்றன. பல பிள்ளைகள் கூச்சத்தில் தட்டுவதில்லை. பல்கலைக்கழகங்கள் கஷ்டத்தில் இருக்கும் மாணவருக்கென்று வைத்திருக்கும் நிதியும், தொண்டு நிறுவனங்கள் நடத்தும் உணவு வங்கியும் அரசின் பொது நிதிக் கணக்கில் வராது. வாங்கினால் விசாவுக்குப் பாதகமில்லை. கணவனோடு துணை விசாவில் போன பெண் அடி உதைக்குத் தப்பி வெளியேறினால், மூன்று மாதத்துக்கு அரசு உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம். வேலை விசா, மாணவர் விசாக்காரர்களின் துணைகளுக்கும் 2024 பிப்ரவரியிலிருந்து இந்த வழி உண்டு. பெண்ணைக் கட்டிக் கொடுத்து அனுப்புகிறவர்கள் இதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டும். நம் தூதரகங்களில் 2009-லிருந்து இந்திய சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. கையில் காசில்லாமல் சிக்கியவருக்குத் தங்குமிடம், ஊர் திரும்ப டிக்கெட் வரை அதில் கேட்கலாம்.

ஜெர்மனி இந்த விஷயத்தில் நேர்மையானது என்பேன். அங்கே ஒரு வருஷத்துக்கு 11,904 யூரோ, 12 லட்சம் ரூபாய்க்கு மேல், முடக்கப்பட்ட கணக்கில் போட வேண்டும். மாணவர் போய்ச் சேர்ந்ததும் மாதம் 992 யூரோவாக அது அவர் கைக்கே வரும். தொகை பெரிதுதான். ஆனால் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போக முடியாது. பிள்ளைக்கு ஒரு வருஷச் சோறு உறுதி.

அந்த ஃபேக்டரிக்காரருக்கு இரண்டாவது ஒரு மகள். ஜெர்மனி போகட்டும், ஆனால் முழுத் தொகையும் சொந்தப் பணமாகச் சேர்ந்த பிறகுதான் விண்ணப்பம் என்று சொல்லிவிட்டார். எப்படியும் ஒன்றரை வருஷம் ஆகும். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. பிரிட்டன் என்றால் இந்த செப்டம்பருக்கே கிளம்பலாமாம். அண்ணனுக்குச் செய்ததை எனக்கு ஏன் செய்யக்கூடாது என்று கேட்கிறாள். ஏஜென்ட் வாரம் தவறாமல் போன் செய்துகொண்டிருக்கிறார்.