தண்ணீர் பீச்சாத ஜீப்பில் மலை ஏறாதீர்கள்

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு விடியுமுன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில். வண்டி ஏறும் வழியோ கேரளத்துப் பக்கம். வழி முழுக்கக் கல்லும் பள்ளமும்தான். முன்னால் போகிற வண்டி கிளப்பும் புழுதி, கண்ணாடியில் படிந்த பனி ஈரத்தோடு சேர்ந்து சேறாகிவிடும். ஓட்டுநர் வைப்பரைப் போடுவார். சேறு கண்ணாடி முழுக்க இழுபடுமே தவிர, போகாது. வாஷர் லீவரை இழுத்தால் 'கிர்' என்று சத்தம் வரும், தண்ணீர் வராது. உடனே ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குடிதண்ணீர் பாட்டிலை வெளியே நீட்டிக் கண்ணாடியில் ஊற்றுவார். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. பின்னால் இருக்கிறவர்கள் அதைப் படம் பிடிப்பார்கள்.

வால்பாறை எஸ்டேட் வண்டிகளிலும் நீலகிரியின் வாடகை ஜீப்புகளிலும் இதே கதைதான். கரடுமுரடான பாதைக்கென்றே லட்சக்கணக்கில் கொடுத்து மஹிந்திரா தார் வாங்கி, டயருக்கும் விளக்குக்கும் மேலும் செலவழிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். வாஷரில் கடைசியாகத் தண்ணீர் எப்போது வந்தது என்று பலருக்கு நினைவிருக்காது. 'வைப்பர் நல்லா ஓடுதே, அது போதும்' என்பார்கள். போதாது. புழுதியில் இருக்கும் மணல் துகள் கண்ணாடியைவிடக் கடினமானது. தண்ணீர் இல்லாமல் வைப்பர் ஓடினால் ஒவ்வொரு இழுப்பிலும் கண்ணாடியில் மெல்லிய கீறல் விழும். பகலில் அது கண்ணுக்குத் தெரியாது. எதிரே சூரியன் சாய்வாக விழும்போதும், இரவில் எதிர்வண்டியின் ஹெட்லைட் படும்போதும் கண்ணாடி முழுக்க வெளிச்சம் சிதறிப் பாதையே மறைந்துவிடும். அந்தக் கீறலுக்கு வைத்தியம் புதுக் கண்ணாடிதான்.

வாஷரின் அமைப்பு எளிது. பானெட்டுக்குள்ளோ முன்சக்கரத்து மட்கார்டுக்கு உள்ளேயோ ஒரு பிளாஸ்டிக் டேங்க். அதன் அடியில் 12 வோல்ட்டில் ஓடும் சின்ன மோட்டார். அதிலிருந்து பென்சில் கனத்துக்கும் குறைவான ரப்பர் டியூப் ஒன்று கிளம்பி, பானெட் கீலருகே வளைந்து, டி வடிவ இணைப்பில் இரண்டாகப் பிரிந்து, கண்ணாடியில் தண்ணீரைப் பீச்சும் நாசிலுக்குப் போகும். நாசிலின் துளை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்தத் துளையை அடைக்க உப்பே போதும்.

உப்பு எங்கிருந்து வருகிறது? நாம் ஊற்றும் போர் தண்ணீரிலிருந்து. சமவெளியில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடும் உப்பு. பானெட் சூட்டில் நாசில் முனையில் தங்கிய துளி காய்ந்து வெள்ளையாகக் கெட்டியாகிறது. அதோடு சலவைத்தூளையும் ஷாம்பு பாக்கெட்டையும் கரைத்து ஊற்றுகிறார்கள். தூள் முழுதாகக் கரையாமல் டேங்க் அடியில் மண்டிவிடும். டேங்க் வாயில் இருக்கும் சல்லடையை, தண்ணீர் மெதுவாக இறங்குகிறது என்று பிடுங்கி எறிகிறார்கள். சர்வீஸ் ஸ்டேஷனில் வாட்டர் வாஷ் செய்பவர், பிரஷர் துப்பாக்கியை நாசிலுக்கு நேராகப் பிடித்துச் சேற்றை உள்ளே ஏற்றிவிடுகிறார். நிறுத்தி வைத்த வண்டியில் எலி டியூபைக் கடித்துவிடுகிறது. இத்தனையும் சேர்ந்தால், அடைப்பு ஒரே இடத்தில்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. அது எங்கே என்று தேடிப் பார்க்காமல் 'மோட்டார் போயிடுச்சு சார்' என்று புது மோட்டார் மாட்டுகிற மெக்கானிக்குகள் நிறைய. பணம் போகும்; தண்ணீர் அப்போதும் வராது.

தேடும் முறை இதுதான். இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து லீவரை இழுங்கள். சத்தமே இல்லையென்றால் கோளாறு மின்சாரப் பக்கம். ஃபியூஸ் பெட்டி மூடியில் வாஷர் ஃபியூஸ் எது என்ற படம் இருக்கும். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸ் மட்டுமே போடுங்கள். கம்பியைச் சுற்றிப் போட்டு ஓட்டாதீர்கள், வயரிங் தீப்பிடிக்கும். ஃபியூஸ் சரியாக இருந்தால் மோட்டாரின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஓடையில் இறங்கி ஏறிய வண்டிகளில் அங்கே பச்சை பூத்திருக்கும்.

சத்தம் வந்து தண்ணீர் வராவிட்டால், பானெட்டைத் திறந்து நாசிலில் சேரும் டியூபைக் கழற்றுங்கள். ஒருவரை உள்ளே உட்கார வைத்து லீவரை இழுக்கச் சொல்லுங்கள். டியூபிலிருந்து தண்ணீர் நன்றாகப் பீச்சினால் அடைப்பு நாசிலில். அங்கேயும் வராவிட்டால் மோட்டாரை ஒட்டி டியூபைக் கழற்றிப் பாருங்கள். அங்கே வந்தால் இடையில் டியூப் அடைத்திருக்கிறது, நசுங்கியிருக்கிறது அல்லது எலி கடித்திருக்கிறது. மோட்டார் வாயிலும் வராவிட்டால் பெரும்பாலும் டேங்கின் அடியில் சேறு. ஒவ்வொரு சோதனைக்கும் சில விநாடிகள் போதும். தண்ணீர் இல்லாமல் அந்த மோட்டாரை ஓட்டக் கூடாது, சூடேறிக் கருகிவிடும்.

நாசில் அடைப்புக்கு எல்லோரும் முதலில் எடுப்பது ஊக்கு அல்லது குண்டூசி. குத்தினால் துளை பெரிதாகும், வேகம் போகும், தண்ணீர் பானெட்டிலேயே வழியும். விசிறியாகத் தூவுகிற புது ரக நாசில்களுக்குள் நுண்ணிய பள்ளங்கள் உண்டு. ஊசி அவற்றை ஒரேயடியாகக் கெடுத்துவிடும். ஆகவே நாசிலைப் பின்புறக் கொக்கியை அழுத்திக் கழற்றி, வெள்ளை வினிகரில் ஒரு மணி நேரம் ஊறப் போடுங்கள். உப்பு இளகும். பிறகு மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து, முனைப் பக்கமிருந்து பின்பக்கமாகத் தள்ளுங்கள். அடைத்த கட்டி வந்த வழியே வெளியேற வேண்டும். பின்னாலிருந்து தள்ளினால் அது துளையில் இன்னும் இறுகும். வினிகர் பெயின்ட்டில் பட்டால் உடனே கழுவிவிடுங்கள்.

டேங்கைச் சுத்தம் செய்ய, அடியில் வாளியை வைத்துவிட்டு மோட்டாரை மேல்நோக்கி இழுத்துக் கழற்றினால் தண்ணீர் தானே வடிந்துவிடும். மோட்டார் நுழையும் ரப்பர் வளையத்திலோ மோட்டாரின் வாயிலோ சின்ன வலை இருக்கும். பழைய டூத் பிரஷால் தேயுங்கள். டேங்கில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, தெளிந்து வரும்வரை அலசுங்கள். டியூபைத் தனியே கழற்றிக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். மோட்டாரோடு சேர்த்துக் கம்ப்ரஸர் காற்றை விட்டால் உள்ளிருக்கும் சீல் போய்விடும். டியூபின் நடுவே சின்ன ஒருவழி வால்வு இருந்தால் அதன் மேலுள்ள அம்புக்குறி நாசிலைப் பார்த்திருக்க வேண்டும். லீவரை இழுத்துச் சில நொடி கழித்தே தண்ணீர் வருகிறதென்றால் இந்த வால்வு கெட்டிருக்கிறது என்று பொருள். மாட்டியபின், வண்டி நிற்கும்போது தண்ணீர் கண்ணாடியின் நடுவுக்குச் சற்று மேலே விழும்படி நாசிலைத் திருப்பி வையுங்கள். ஓடும்போது காற்று அதைக் கீழே இறக்கும்.

இனி, எத்தனை முறை சொன்னாலும் காதில் வாங்காத விஷயம். டியூபை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள், ஊதாதீர்கள். பட்டறைகளில் பையன்கள் இதைத்தான் செய்கிறார்கள், பெரியவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சூட்டில் தேங்கிய வெறும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். அது கலந்த துளிகளைச் சுவாசித்தால் கடுமையான நிமோனியா வரலாம். வாஷரில் திரவம் கலக்காமல் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறவர்களுக்கு இந்த நோயின் அபாயம் கூடுதல் என்று பிரிட்டனில் 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. திரவம் கலந்திருந்தால் வேறு ஆபத்து. கடையில் விற்கும் சில வாஷர் திரவங்களில் மெத்தனால் உண்டு. கண்பார்வையையும் உயிரையும் பறிக்கும் விஷம் அது. நீல நிறத்தில் பளிச்சென்று இருக்கும் அதைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வீட்டில் வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல் 108-ஐ அழையுங்கள். திரவத்தின் பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். மறுபடி சொல்கிறேன்: வாயால் உறிஞ்சாதீர்கள்.

அப்படியானால் எதை ஊற்றுவது? லேபிளில் சொன்ன அளவில் வாஷர் திரவத்தை, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ கலந்து ஊற்றுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். சலவைத்தூள், மண்ணெண்ணெய், டீசல் எதுவும் வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டி தலைகுந்தா பக்கம் உறைபனி விழும் நாட்களில் நாசில் உறைந்திருந்தால் வெயில் ஏறும்வரை காத்திருங்கள். கண்ணாடியில் கொதிநீரை ஊற்றினால் அது விரிந்து உடைந்துவிடும்.

வாரண்டி இருக்கும் வண்டி என்றால் மேலே சொன்ன எதையும் நீங்களே கழற்றாதீர்கள். சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். அங்கே, 'இது தேய்மானப் பொருள், வாரண்டி கிடையாது' என்று வாய்ச்சொல்லாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். மக்களும் தலையாட்டிவிட்டுப் பணம் கட்டிவிட்டு வருகிறார்கள். வைப்பர் ரப்பரும் திரவமும் தேய்மானக் கணக்கில் வரலாம். மோட்டாரும் டேங்கும் அப்படியல்ல. வாரண்டி புத்தகத்தின் விலக்குப் பட்டியலில் அந்தப் பாகம் இருக்கிறதா என்று அங்கேயே பிரித்துப் பாருங்கள். ஜாப் கார்டில் உங்கள் புகாரை உங்கள் வார்த்தையில் எழுத வையுங்கள்: 'வாஷர் மோட்டார் சத்தம் வருகிறது, தண்ணீர் வரவில்லை.' 'ஜெனரல் செக்கப்' என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். மறுப்பதானால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அவர்கள் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டியை எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். வண்டி வாங்கிய பில், ஆர்.சி. நகல், வாரண்டி புத்தகம், ஜாப் கார்டுகள், நோட்டீஸ் அனுப்பியிருந்தால் அதன் நகல், 1915 புகார் எண் எல்லாம் இணைக்க வேண்டும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 'அடுத்த சர்வீஸில் பார்க்கிறோம்' என்ற பேச்சை நம்பி அந்தக் காலத்தை இழந்துவிடாதீர்கள்.

வாடகை ஜீப்பில் போகிறவர்களின் உரிமை வேறு. ஏறுவதற்கு முன், 'அண்ணா, ஒரு தடவை கண்ணாடிக்குத் தண்ணி அடிச்சுக் காட்டுங்க' என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. வராவிட்டால் வேறு வண்டி கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 190, சாதாரணக் கவனத்தில் தெரிந்திருக்கக்கூடிய ஆபத்தான குறையோடு வண்டி ஓட்டுவதை 2019 திருத்தத்துக்குப் பின் 1,500 ரூபாய் வரை அபராதமுள்ள குற்றமாக வைத்திருக்கிறது. அந்தக் குறையால் விபத்து நடந்து காயமோ சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். விபத்துக்குப் பின் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து அறிக்கை தருவார். அதை அவர் முன்பே பார்த்திருக்கலாம். வாடகை வண்டிகள் எட்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதற்குப் பின் ஆண்டுதோறும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வந்தாக வேண்டும். அன்று கண்ணாடி துடைத்துப் பளபளவென்று வரும். வைப்பர் இரண்டு முறை ஆடினால் போதும் என்று டிக் போட்டுவிடுகிறார்கள். லீவரை ஒருமுறை இழுத்துப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யாத ஆய்வு ஆய்வாகாது.

ஓட்டுநர் கேட்காவிட்டால் வண்டி எண், தேதி, நேரம், இடம், வீடியோ இவற்றோடு, அந்த எண் எந்த அலுவலகத்துடையதோ அந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு மனு எழுதுங்கள். டி.என். 60 என்றால் தேனி, டி.என். 41 பொள்ளாச்சி, டி.என். 43 ஊட்டி. கே.எல். 68 என்றால் கேரளத்தின் தேவிகுளம். அங்கே எழுத வேண்டியதைத் தேனிக்கு எழுதினால் மனு ஆளாளுக்குச் சுற்றும். நேரில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் நகராதீர்கள். தமிழக அலுவலகம் பதில் தராவிட்டால் முதல்வர் உதவி எண் 1100, அல்லது ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் நாள். அதற்கும் அசையாவிட்டால், என் மனு மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

மலைப் பாதை தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி லீவரை ஒருமுறை இழுங்கள். தண்ணீர் வரவில்லையென்றால் ஏறாதீர்கள். அடைப்பை எடுத்துவிட்டுப் போங்கள்.