உப்புக்காற்றைத் தாங்கும் புன்னை

தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் உள்ள புன்னைக்காயல், பெயரிலேயே மரத்தை வைத்திருக்கும் ஊர். முத்துக்குளித்துறையின் பழைய ஊர்களில் ஒன்று. ஆனால் புன்னை என்றால் கோயில் நந்தவனத்திலும் பூங்காவிலும் நிற்கும் அழகு மரம் என்றே பலர் நினைக்கிறார்கள். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தலமரமும் இதுதான். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் வரை கடலோரத்தில் விளை வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு இதனால் வேறு பயனும் உண்டு.

கொண்டல் காற்றோடு வரும் உப்புத்தூவல் வாழை இலையையும் முருங்கைப் பூவையும் கருக்கிவிடும். புன்னையின் தடித்த, பளபளப்பான இலை அதைத் தாங்கிக்கொள்ளும். மணலிலும் மரம் பிடித்துக்கொள்ளும். ஆகவே கடல் பக்க வரப்பில் 12 அடிக்கு ஒன்றாக ஒரு வரிசை வைத்தால் போதும். நிலத்தின் நடுவே தோப்பாக வைப்பது சிறு விவசாயிக்கு ஏற்றதல்ல. அடர்ந்த நிழலில் வேறு பயிர் தேறாது. உப்பளத்தை ஒட்டித் தண்ணீர் தேங்கும் பள்ளத்திலும் வைக்க வேண்டாம்.

கன்று வளர்ப்பதில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள். கொட்டையை அப்படியே புதைத்துவிட்டு, ஒரு மாதம் பார்த்து, "சொத்தை விதை" என்று விட்டுவிடுகிறார்கள். ஓட்டோடு போட்டால் முளைக்க ஏறக்குறைய 2 மாதம் ஆகும். உள்ளே இருக்கும் பருப்பில் காயம் படாமல் ஓட்டை நீக்கிப் போட்டால் சுமார் 3 வாரத்தில் முளை வரும். வௌவால் சதையைத் தின்றுவிட்டுப் போட்ட கொட்டைகளையே பொறுக்கிக்கொள்ளலாம். பையில் ஓராண்டு வளர்ந்த கன்றை ஐப்பசி மழையில் நட்டு, முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் விட வேண்டும்.

மரம் நிதானமாகத்தான் வளரும். காய்ப்புக்கு வர 7, 8 ஆண்டு ஆகலாம். காற்றுத்தடுப்பு உடனே வேண்டுபவர்கள் வெளிப்புறம் ஒரு வரிசை சவுக்கு வைக்கலாம். சவுக்கை வெட்டும் காலத்தில் புன்னை ஓரளவு எழும்பியிருக்கும்.

பருப்பில் பாதிக்கு மேல் எண்ணெய். ஆனால் பச்சைப் பருப்பை ஆட்டினால் எண்ணெய் இறங்காது. சில வாரம் வெயிலில் காய்ந்து பழுப்பு நிறமாக வேண்டும். முன்காலத்தில் இது விளக்குக்கு ஆயிற்று. கீல்வாயுவுக்கும் சொறி சிரங்குக்கும் மேலே பூசுவது நாட்டு வைத்திய வழக்கம். உள்ளே சாப்பிடக் கூடாது, பருப்பு நஞ்சு. மரத்தின் பால் கண்ணில் படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பசிபிக் தீவுகளில் இதே எண்ணெயைத் தமானு என்ற பெயரில் சிறு குப்பிகளில் அடைத்து முகப்பூச்சாக விற்கிறார்கள். நம் ஊரில் கொட்டை மரத்தடியிலேயே மக்குகிறது.

சமையல் எண்ணெய் ஆட்டும் செக்கில் இதை ஆட்டவேண்டாம். பிண்ணாக்கு மாட்டுக்கு ஆகாது. வயலுக்கு உரமாகப் போடலாம். கொட்டை சேர்க்கும் முன்பே நாட்டு மருந்துக் கடைகளிலும் எண்ணெய் வியாபாரிகளிடமும் வாங்குவார்களா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.