சிறைச்சோறு என்னும் அறம்

ஆடி அமாவாசையன்று கீரிமலைக்குச் செல்லாத யாழ்ப்பாணத்துச் சைவர் மிகச் சிலரே. தந்தையை இழந்தோர் அன்று விரதம் பூண்டு, கடலாடி, கேணியில் மூழ்கி, எள்ளும் நீரும் இறைத்துத் தென்புலத்தார் கடன் கழிப்பர். வீட்டிலே காத்தோட்டிக்காய்ப் பொரியலோடு விரதச் சோறு காத்திருக்கும். உவர்க்கடலுக்கு ஒரு மதிலளவு தூரத்திலே நன்னீர் ஊறும் அத்தலத்தின் பெருமையை ஈண்டு விரித்துரைக்க வேண்டுவதில்லை. நகுல முனிவர் கீரிமுகம் நீங்கப்பெற்றது அத்தீர்த்தத்தில் என்பர். சோழ அரசகுமாரி மாருதப்புரவீகவல்லி குதிரைமுகம் நீங்கப்பெற்றதும் அங்கேதான். மாவிட்டபுரம் என்னும் பெயரே அதற்குச் சான்றாக நிற்கின்றது.

இவ்வரலாற்றை மாணாக்கர்க்கு நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கின்றேன். சொன்னபோதெல்லாம் தீர்த்தத்தின் மகிமையையே சொன்னேன். முகம் திருந்தி வந்தவரை ஊரார் எந்த முகத்தோடு ஏற்றனர் என்ற வினா எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. சென்ற ஆடி அமாவாசையன்று அவ்வினாவை ஒருவன் என் முன் கொணர்ந்து வைத்தான்.

கடன் முடித்துக் கரையேறி, ஈரவேட்டியோடு மடத்துத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவன் அருகே வந்து நின்றான்.

"ஐயா, சுகமா இருக்கிறியளோ?"

குரல் பழகிய குரல். முகம் நினைவுக்கு வரச் சிறிது நேரம் சென்றது. என்னிடம் நன்னூல் படித்தவன். சொல்லதிகாரத்தில் ஐயம் வந்தால் கை உயர்த்தாமல், வகுப்பு முடிந்தபின் வாயிற்படியிலே காத்திருந்து கேட்பான்.

"அப்பாவின்ர அந்தியேட்டியைத் தம்பிதான் இஞ்ச செய்தவன், ஐயா. நான் அப்ப உள்ளுக்கு. இண்டைக்குத்தான் முதல் முறையா எள்ளுந் தண்ணியும் இறைச்சனான்."

உள்ளுக்கு என்றால் சிறைக்குள். காணி எல்லைத் தகராற்றிலே ஒருவனை வெட்டிக் காயப்படுத்திய வழக்கு. குற்றம் செய்தான், அதனை அவன் மறுத்ததில்லை. தண்டனை பெற்றான், அதனை முழுதும் கழித்து வந்தான். ஆனால் என்னை வெட்கித் தலைகுனிய வைத்தது அவன் குற்றமன்று, என்னுடைய குற்றம்.

விடுதலையான புதிதில் அவன் என் வீட்டுப் படலைக்கு வந்தான். சிறையிலே தச்சு வேலை பழகியிருந்தான். தளபாடம் செய்யும் ஒருவர் வேலை தருவதாகச் சொல்லி, படிப்பித்த வாத்தியார் ஒருவரின் நற்சான்றிதழ் கேட்டிருந்தார். நாளைக்கு வா என்றேன். வந்தான். மறுபடியும் நாளைக்கு என்றேன். கை நடுங்கியது காரணமன்று. நாளை இவன் மீண்டும் ஏதேனும் செய்துவிட்டால் என் பெயர் என்னாவது என்ற அச்சமே காரணம். நான்காம் முறை அவன் வரவில்லை. அதனை நான் நிம்மதியாகவே எண்ணினேன்.

திண்ணையிலே அதனை நினைந்து, "அந்தக் கடிதம்..." என்று தொடங்கினேன். அவன் இடைமறித்தான்.

"மூண்டு தரம் வந்தனான், ஐயா. பேந்து உங்களைக் கரைச்சல்படுத்தக் கூடாதெண்டு விட்டிட்டன்."

அச்சொற்களிலே கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

முப்பத்திரண்டில் ஒன்று

பெரியோர் அறத்தை முப்பத்திரண்டாக வகுத்தனர். காஞ்சியிலே காமாட்சியம்மை இருநாழி நெற்கொண்டு அவை யாவும் வளர்த்தாள் என்பது மரபு. அவற்றுட் பல இன்றும் நம் ஊர்த் தெருக்களிற் காணக்கிடக்கின்றன. ஆவுரிஞ்சுகல் உண்டு, தண்ணீர்ப்பந்தல் உண்டு, வழிப்போக்கர் தங்கும் மடம் உண்டு. பசு தினவு தீர்க்கவும் கல் நட்ட சமூகம் நம் சமூகம்.

அந்த முப்பத்திரண்டிலே சிறைச்சோறு என்பதும் ஒன்று. சிறையிலிருப்போர்க்கு உணவிடல் என்பது அதன் பொருள். அதனை நான் மனப்பாடமாக ஒப்புவித்திருக்கின்றேன். மாணாக்கரையும் ஒப்புவிக்கச் செய்திருக்கின்றேன். ஆவுரிஞ்சுகல்லின் முன் நின்று இது நம் முன்னோர் அறம் என்று காட்டிய நான், சிறைச்சோற்றைக் காட்ட எந்த இடத்துக்கும் மாணாக்கரை அழைத்துச் சென்றதில்லை. அவ்வறிஞர் குற்றவாளி, நிரபராதி என்று பிரித்து, பின்னவனுக்கே சோறிடுக என்று சொல்லவில்லை என்பது இங்கு நோக்கத்தக்கது.

மணிமேகலைக் காப்பியத்தின் பத்தொன்பதாம் காதைக்குப் பெயர் சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை என்பது. நயினாதீவோடு நம் மக்கள் தொடர்புறுத்திப் பேசும் மணிபல்லவத்திலே பெற்ற அமுதசுரபியை ஏந்திக்கொண்டு, காயசண்டிகையின் வடிவிலே மணிமேகலை சிறைக்கோட்டத்துட் புகுகின்றாள், பசித்தோர்க்கெல்லாம் உணவிடுகின்றாள். செய்தி கேட்டு வியந்த அரசன் அவளை அழைத்து, யாது வேண்டும் என வினவுகின்றான். பொன்னையோ பொருளையோ அவள் கேட்டாளல்லள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குக என்றாள், அரசனும் ஆக்கினான்.

காப்பியம் அங்கே முடிந்துவிடவில்லை. இருபத்திரண்டாம் காதை சிறைசெய் காதை. இருபத்து மூன்றாம் காதை சிறைவிடு காதை. சிறையை அறக்கோட்டம் ஆக்கியவளே சில காதைகளுக்குள் சிறைப்படுகின்றாள். சிறை என்பது வேறு யாருக்கோ உரிய இடம் என்று எண்ணி நூலை மூடிவைக்கச் சாத்தனார் நமக்கு இடங்கொடுக்கவில்லை.

சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதை இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. பரிசாகப் பெற்ற அணிகலனைப் புதையலெனப் பிறழ உணர்ந்த காவலர், வார்த்திகன் என்னும் அந்தணனைச் சிறையிடுகின்றனர். ஐயை கோயிற் கதவு அடைபட்டுத் திறவாது நின்றது. உண்மை அறிந்த பாண்டியன் அவனை விடுவித்ததோடு அமையவில்லை, பொறுத்தருள வேண்டினான், திருத்தங்காலும் வயலூரும் கொடுத்தான். இதனை ஊன்றிப் பார்த்தல் வேண்டும். சிறைக்கதவைத் திறந்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று அரசன் எண்ணவில்லை. வெளியே வந்தவன் எதைக்கொண்டு வாழ்வான் என்றும் எண்ணினான். மறுவாழ்வு என்று இந்நாளிலே நாம் வழங்கும் சொல்லின் முழுப்பொருளும் அச்செயலில் அடங்கியிருக்கின்றது.

பிறநாட்டார் செய்தவை

ஐரோப்பாவிலே இவ்வறம் தனிமனிதரால் தளிர்த்தது. யோன் ஹவார்ட் என்பார் சிறைதோறும் நேரிற் சென்று, தாம் கண்டவற்றை 1777 ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். எலிசபெத் பிறை என்னும் அம்மையார் 1813 இல் இலண்டன் நியூகேற் சிறையினுள் அடியெடுத்து வைத்தார். அங்கிருந்த பெண்களுக்குத் தையலும் அவர்தம் குழந்தைகளுக்கு எழுத்தும் கற்பிக்க வழிசெய்தார். விடுதலையானோர்க்கு உதவும் சங்கங்களுக்கு 1862 இல் பிரித்தானியச் சட்டமே இடமளித்தது. 1955 இல் ஜெனீவாவிலே ஐக்கிய நாடுகள் வகுத்த சிறை விதிகள், ஒருவன் விடுதலையாவதோடு சமூகத்தின் கடமை முடிவதில்லை என்று வெளிப்படையாகவே கூறின. அவ்விதிகள் 2015 இல் திருத்தப்பட்டு, இருபத்தேழு ஆண்டு சிறையிருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

தமிழகத்திலே விடுதலை பெற்ற கைதியர்க்குத் தொழில் தொடங்கப் பொருளுதவும் சங்கம் உண்டு. அங்குச் சிறைத்துறையார் எண்ணெய் நிறுவனத்தோடு சேர்ந்து பெற்றோல் நிலையங்கள் நடத்த, கைதிகளே அங்கு நின்று பொதுமக்களுக்குப் பணிசெய்கின்றனர். கைதியின் கையிலே காசைக் கொடுத்து மீதிக்காசை வாங்குதல் சிறிய செயலாகத் தோன்றலாம். நம்பிக்கை அவ்வாறுதான் பழக்கமாகின்றது.

தமிழர் மறக்கலாகாத வரலாறு ஒன்றும் உண்டு. வ. உ. சிதம்பரம்பிள்ளை 1908 இல் தண்டிக்கப்பட்டு, கோயம்புத்தூர்ச் சிறையிலே செக்கிழுத்து, 1912 இல் வெளிவந்தார். அவருடைய வழக்கறிஞர் உரிமை பறிபோயிருந்தது; கப்பல் விட்டவர் வறுமையிலே உழன்றார். அவருடன் சிறைசென்ற சுப்பிரமணிய சிவா தொழுநோயோடு திரும்பினார். பின்னர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் துணையாலே வ. உ. சி. தம் தொழிலுரிமையை மீளப் பெற்றார். அந்நன்றியை மறவாது தம் மைந்தர் ஒருவர்க்கு வாலேசுவரன் எனப் பெயர் சூட்டினார். நாட்டுக்காகச் சிறை சென்றவர்க்கே வெளிவந்தபின் ஒரு கை வேண்டியிருந்ததாயின், கோபத்தாலும் வறுமையாலும் தவறியவர்க்கு அது எத்துணை வேண்டும்!

நம் நாட்டு நிலை

இலங்கையின் சிறைச்சாலைக் கட்டளைச் சட்டம் 1877 ஆம் ஆண்டுக்குரியது. நாவலர் பெருமான் பஞ்சத்தால் வாடினோர்க்குக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திய காலமும் அதுவே. கஞ்சித்தொட்டி நம் நெஞ்சிலே நிலைத்தது, சிறைச்சோறு நிலைக்கவில்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. சிறை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் நெஞ்சிலே எழுவது 1983 யூலையின் வெலிக்கடை. இரண்டு நாள்களில் ஐம்பத்து மூன்று தமிழ்க் கைதிகள் அங்குக் கொல்லப்பட்டனர். 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் ஆண்டுக்கணக்கிலே அடைபட்டோரும், 2009 இல் போர் முடிந்தபின் புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பப்பட்ட ஏறத்தாழப் பன்னீராயிரவரும் நம் ஊரவரே. புனர்வாழ்வு என்ற நல்ல தமிழ்ச்சொல், சிலர் காதுகளில் முட்கம்பியின் ஓசையோடு விழுவது அதனாலேதான். அரசியற் கைதிகளுக்காகக் குரலற்றவர்களின் குரல் போன்ற அமைப்புகள் பேசுகின்றன. அது போற்றத்தக்கது. ஆயினும் காணித் தகராற்றாலும் கடனாலும் குடியாலும் சிறை சென்றவனுக்காகப் பேச ஊரிலே ஆள் அரிது. அவனுக்கு வீரமும் இல்லை, அனுதாபமும் இல்லை.

இந்நாட்டுச் சிறைகளில் அவற்றின் கொள்ளளவைப்போல் இருமடங்குக்கும் மேலானோர் நெருங்கிக் கிடக்கின்றனர். தண்டப்பணம் கட்ட வழியின்மையால் உள்ளே சென்றோர் அவர்களுட் பலர். சிறைச்சாலைகளைச் சார்ந்து கைதிகள் நலன்புரிச் சங்கம் இயங்குகின்றது. செப்டெம்பர் 12 ஆம் நாள் தேசிய கைதிகள் தினமாகக் கொள்ளப்படுகின்றது. அந்த நாள் நம் பாடசாலை நாட்காட்டிகளில் இடம்பெற்றதை நான் கண்டதில்லை.

காயம்பட்டவனுக்கு என்ன நீதி என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. அவனுக்குரிய நீதியை நீதிமன்றம் அளந்து கொடுத்தது; குற்றவாளி அதனை நாள் எண்ணிக் கழித்தான். அதற்கு மேலும் ஊர் தானாக ஒரு தண்டனை விதிக்குமாயின், அதற்கு முடிவு நாள் என்று ஒன்று இல்லை. வேலையும் மதிப்பும் மறுக்கப்பட்டவன் பழைய வழிக்கே திரும்பினால், இன்னொருவன் காயம்படுவான். விடுதலையானவனுக்கு உதவுதல் அந்த இன்னொருவனையும் காத்தலாகும்.

பெருநிதி திரட்டுக என்று நான் சொல்ல வரவில்லை. கோயில் அறங்காவலர் அன்னதான நிதியில் ஒரு சிறுபகுதியைத் தண்டப்பணத்தாற் சிறைப்பட்ட ஏழைகளின் விடுதலைக்கு ஒதுக்கலாம். வாசிகசாலையார் படித்து முடித்த நூல்களைக் கட்டிச் சிறைச்சாலை நூலகத்துக்கு அனுப்பலாம். உள்ளே இருப்பவனின் பிள்ளை வகுப்பிலே இருந்தால், ஆசிரியர் அப்பிள்ளையின் தந்தை யார் என்று பலர் முன் வினவாதிருக்கலாம். இவையும் சிறைச்சோறே. நற்சான்றிதழ் எழுதுவதும் சிறைச்சோறே. அதற்கு அரிசிகூட வேண்டுவதில்லை.

அன்று மடத்துத் திண்ணையிலேயே அவனை இருத்தி, கடதாசி வாங்கிவரச் செய்தேன். நல்லொழுக்கமுடையவர் என்று பொதுவாக எழுதித் தப்பித்துக்கொள்ள மனம் வரவில்லை. இவர் என் மாணாக்கர். ஒரு குற்றத்துக்காகத் தண்டனை பெற்று அதனை முழுதும் கழித்தவர். என்னிடம் பொய் சொன்னதில்லை. தச்சு வேலை அறிவார். இவரை நான் நம்புகின்றேன் என்று எழுதி, பெயரும் விலாசமும் இட்டுக் கையொப்பம் வைத்தேன்.

அவன் அதனை இருமுறை படித்தான்.

"உள்ளுக்கு இருந்ததையும் எழுதிப்போட்டியள், ஐயா."

"உண்மைதானே, தம்பி. அதை மறைச்சால், மிச்சத்தையும் நம்பமாட்டினம்."

முன்பு கேட்டவர் வேறொருவரை வேலைக்கு அமர்த்தியிருந்தார். மற்றொரு தளபாடக்காரர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, ஒரு மாதம் பார்ப்போம் என்றாராம். மாதம் கழிந்தது, இன்னும் அவன் அங்கேதான் வேலை செய்கின்றான். மேலே என்ன ஆகும் என்று நான் அறியேன். அவன் தவறினால் என் பெயருக்கும் இழுக்கு வரும். வரட்டும். மாணாக்கன் ஒருவனுக்காக அந்த அளவு இழுக்கையேனும் ஏற்க அஞ்சும் ஆசிரியன், மணிமேகலையைப் பாடஞ் சொல்ல உரிமையுடையவன் அல்லன்.